அட்டைகளின் பின்பக்கம்

துர்க்கு
10 செப்டம்பர் 1978

அன்புத் தங்கை ஐலாவுக்கு,

நீயும் மாப்பிள்ளை பென்த்தியும் சுகம்தானே? இந்த மழைக்கு அவர் முழங்கால் என்ன சொல்கிறது? இங்கே உன் அண்ணி ரைலிக்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போய் இரண்டு கூடை காளானோடு வந்தாள். எனக்குத்தான் நான்கு படி ஏறினால் இடது பக்கம் விசில் அடிக்கிறது. அந்த நுரையீரல் பழையதை மறக்கவில்லை.

எங்கள் துறைப் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். அரசியல், சமூகக் கருத்துகளின் வரலாற்றுக்கு இந்த நாட்டில் உள்ள பேராசிரியர் பதவிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இது ஒருமுறை போனால் அடுத்தது காலியாகும்போது நான் ஓய்வூதியக்காரனாக இருப்பேன். எனக்கு ஐம்பத்து மூன்று ஆகிறது. முப்பது வருட உழைப்புக்கு இது ஒன்றுதான் பாக்கி. விண்ணப்பித்துவிட்டேன். எதிரே நிற்பது ஒரே ஒரு ஆள், சில்வாஸ்தி. நான் பாடம் சொல்லிக்கொடுத்து, நானே டாக்டர் பட்டத்துக்குக் கரையேற்றிய மனிதன். இப்போது காப்பி அறையில் நான் நுழைந்தால் அவன் பேச்சை நிறுத்திக்கொள்கிறான்.

என் மேஜை இழுப்பறையைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது என் பழக்கம். போன செவ்வாய்க்கிழமை காலையில் அது பூட்டாமல் கிடந்தது. கூட்டித் துடைக்கும் அம்மாளைக் கேட்டால், "நான் எதுக்குங்க உங்க காகிதத்தத் தொடப்போறேன்?" என்கிறாள். யாரோ தொட்டிருக்கிறார்கள்.

எங்கள் நூல்களைப் படித்து யார் முதல், யார் இரண்டாவது என்று எழுத வெளியிலிருந்து மூன்று நிபுணர்களைப் போட்டிருக்கிறார்கள். அதில் ஸ்டென்பெர்க் என்ற அம்மையார் கோத்தன்பர்க்கில் இருக்கிறார். உன் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். உனக்கு அவரைத் தெரியுமா?

இன்னொன்று, அவசரமில்லை. 1965-ல் நீங்கள் ஸ்வீடனுக்குக் குடிபோனபோது உங்கள் சாமான்களோடு ஏழு செருப்புப் பெட்டிகள் நிறைய என் பழைய குறிப்பு அட்டைகளை அனுப்பினேன். அவை நிலவறையில் ஈரம் படாமல் இருக்கின்றனவா? திறக்க வேண்டாம். கட்டிய சரடு அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது.

எல்லோருக்கும் எங்கள் அன்பு.

உன் அண்ணன்
தௌனோ


பூரோஸ்
2 அக்டோபர் 1978

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது, சந்தோஷம். நாங்கள் நடமாடுகிறோம். பென்த்தியின் முழங்கால் வானொலிக்கு முன்னாலேயே மழை சொல்கிறது. ஆலையில் எங்கள் பிரிவில் பாதிப் பேருக்கு வேலை போகும் என்று பேச்சு. நான் இருபது தையல் இயந்திரங்களுக்கு மேற்பார்வை என்பதால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அண்ணியின் காளானில் ஒரு சாடி உப்புப் போட்டு அனுப்பச் சொல். இங்கே ஸ்வீடன்காரர்கள் மஞ்சள் காளானைத் தவிர மற்றதெல்லாம் விஷம் என்று ஓடுகிறார்கள்.

பதவி உனக்குத்தான் வரும். உனக்கு வராமல் யாருக்கு? இழுப்பறையை நீயே பூட்ட மறந்திருப்பாய். சின்ன வயதில் கோழிக்கூண்டைத் திறந்து போட்டுவிட்டு நரி சாவி வைத்திருக்கிறது என்று சாதித்தவன் நீ. ஸ்டென்பெர்க் என்று எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். பல் டாக்டர். அவர் ஆண்.

பெட்டிகள் பனிச்சறுக்குக் கட்டைகளுக்குக் கீழே பத்திரமாக இருக்கின்றன. சரடும் இருக்கிறது. பென்த்தி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்னடி இது, மச்சான் இதுல தங்கமா வெச்சிருக்காரு? தொறக்காதேன்னா தொறக்கணும்னுதான எவனுக்கும் தோணும்!" என்றார். நான் திறக்கவில்லை. நீ காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்த குளிர்காலத்தில் நான் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்த அட்டைகள்தானே அவை? என் கோழிக்கிறுக்கலுக்கு இவ்வளவு காவலா?

குளிருக்கு முன் மார்பைச் சூடாக வைத்துக்கொள். அண்ணிக்கு என் முத்தம்.

உன் ஐலா


துர்க்கு
9 அக்டோபர் 1978

அன்புள்ள ஐலா,

கடிதம் கிடைத்தது. சுகமாக இருப்பது அறிந்து நிம்மதி. ரைலி காளான் அனுப்புவாள்.

ஆனால் பதில் எழுத உனக்கு ஏன் மூன்று வாரம் ஆனது? யாரையாவது கலந்து பேசினாயா? தவறாக எடுத்துக்கொள்ளாதே, இங்கே நடப்பதைக் கேட்டால் உனக்கே புரியும்.

வியாழக்கிழமை காப்பி அறையில் சில்வாஸ்தி தானாக வந்து என் எதிரே உட்கார்ந்தான். பன்னைப் பிய்த்துக் காப்பியில் தோய்த்துக்கொண்டே சொன்னான்: "தௌனோ, உங்க முனைவர் பட்ட நூல மறுபடி படிச்சேன். நாலாவது அத்தியாயம் என்னமா இருக்கு! அதுல மட்டும் நீங்க சிரிக்கறீங்க. அதுக்கப்புறம் எழுதின எதுலயும் நீங்க சிரிக்கவே இல்லையே, ஏன்?"

"வயசாயிடுச்சு" என்றேன்.

"அப்ப உங்களுக்கு முப்பத்திரண்டு. அடுத்த புத்தகம் முப்பத்தஞ்சுல. மூணு வருஷத்துலயா வயசாவும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான். அவன் எதையோ வைத்துக்கொண்டுதான் பேசுகிறான்.

மறுநாளே அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. ஸ்டென்பெர்க் அம்மையார் என்னைப் பற்றி ஒரே ஒரு விவரம் கேட்டிருக்கிறார். நான்காம் அத்தியாயத்துக்கான மூலக் குறிப்புகள் இப்போது எங்கே இருக்கின்றன? இருபத்தோரு வருடமாக யாரும் கேட்காத அத்தியாயத்தைப் பற்றி ஒரே வாரத்தில் இருவர் கேட்பது தற்செயலா? 'கேள்வி மாறவில்லை, நாற்காலி மாறியது' என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் இன்றுவரை என் பெயரை மேற்கோள் காட்டுகிறார்கள். அதைத் தட்டினால் நான் விழுவேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. குறிப்புகள் வீடு மாறியபோது தொலைந்தன என்று பதில் எழுதிவிட்டேன்.

அதனால், யார் வந்து கேட்டாலும் பெட்டி எதுவும் உன்னிடம் இல்லை. மிக முக்கியமாக, அட்டைகளின் பின்பக்கத்தை யாரிடமும் காட்டாதே. முன்பக்கம் மட்டும்தான் ஆதாரம். பின்பக்கத்தில் இருப்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது.

உடனே பதில் போடு.

தௌனோ


பூரோஸ்
20 நவம்பர் 1978

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே முதல் பனி விழுந்து, உருகி, மறுபடி விழுந்தது. பென்த்தி மான் வேட்டைக்குப் போய் ஒரு மூக்கடைப்போடு திரும்பினார். ஆலையில் பதினோரு பேரை நிறுத்திவிட்டார்கள். நான் இருக்கிறேன்.

உன் புத்தகம் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. நீ கொடுத்தது. பன்னிரண்டாம் பக்கம் வரை போயிருக்கிறேன் என்று அதில் வைத்த பஸ் டிக்கெட் சொல்கிறது. ஒரு வரிக்கு மூன்று ஜெர்மானியர் பெயர் வந்தால் என்னால் முடியாது. உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த நான்காம் அத்தியாயம் எதைப் பற்றியது?

பெட்டிகள் இருக்கின்றன. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஐலா


துர்க்கு
27 நவம்பர் 1978

ஐலா,

நலம் விசாரிப்பதையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்வோம். உன்னிடம் யார் பேசினார்கள்?

ஆறு வாரம் மௌனம். அதற்குப் பிறகு, இருபத்தோரு வருடத்தில் ஒரு நாளும் கேட்காத நீ நான்காம் அத்தியாயத்தைப் பற்றிக் கேட்கிறாய். சில்வாஸ்தி நவம்பர் முதல் வாரம் கோத்தன்பர்க் போய் வந்திருக்கிறான். இரண்டு நாள் விடுப்பு, காரணம் 'குடும்ப விஷயம்'. அங்கே அவனுக்கு ஏது குடும்பம்? அவன் பூரோஸுக்கு வந்தானா? ஸ்டென்பெர்க்கோடு வந்தானா? ஒளிக்காமல் எழுது.

நான் எதையும் மறக்கிறவன் இல்லை. 1957 மார்ச்சில் என் ஆய்வேட்டுக்காக நான் பொதுச் சபையில் வாதாடிய அன்று, நீ ஜன்னலோரம் மூன்றாவது வரிசையில் சாம்பல் நிறக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாய். நூலில் குறை காண நியமித்திருந்த எதிர்வாதி முடித்ததும், மரபுப்படி நான் சபையைப் பார்த்து, 'இந்த நூலின் மீது மறுப்புச் சொல்ல விரும்புவோர் தலைமை வகிப்பவரிடம் அனுமதி கேட்டு எழுந்து பேசலாம்' என்று அறிவித்தேன். யாரும் எழுந்திருப்பதில்லை. அது வெறும் சம்பிரதாயம். நீ எழுந்தாய். பாதி எழுந்து, என்னைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தாய். என் வாடகைக் கோட்டுக்குள் வேர்வை ஓடியது. அன்று ஏன் எழுந்தாய் என்று நான் கேட்டதே இல்லை. நீயும் சொன்னதில்லை. அன்றிலிருந்து நீ எதையாவது தெரிந்து வைத்திருக்கிறாய் என்றே நினைத்து வந்திருக்கிறேன். வீட்டில் வைத்தால் மாணவர் கண்ணில் படும், எரிக்கவும் கை வரவில்லை என்பதால்தான் அந்தப் பெட்டிகளை உன் தலையில் கட்டினேன். ஒருவேளை உன்னிடமே கொடுத்தது பெரிய முட்டாள்தனமோ என்னவோ.

உங்கள் சவுனா நீராவிக் குளியலறை அடுப்பில் போட்டு எரித்துவிடு. ஏழு பெட்டிகளையும்.

தௌனோ

பின்குறிப்பு: வேண்டாம். எரிக்காதே. மூல ஆவணத்தை எரி என்று எழுத இந்தக் கைக்கு எப்படி வந்தது?

இன்னொரு பின்குறிப்பு, மறுநாள் காலை: இல்லை, எரித்துவிடு.


பூரோஸ்
8 ஜனவரி 1979

அன்புள்ள அண்ணா,

புது வருடத்தில் உங்கள் இருவருக்கும் நல்லதே நடக்கட்டும். கிறிஸ்துமஸ் பன்றித்தொடை நன்றாக வெந்ததா? எங்கள் மகள் தன் குழந்தைகளோடு வந்திருந்தாள். வீடு நிறைந்து, காலியாகி, இப்போது நானும் பென்த்தியும் மீதி இஞ்சி பிஸ்கெட்டுகளும் இருக்கிறோம்.

பெட்டிகள் எரியவில்லை. எங்கள் அடுக்குமாடிச் சவுனா மின்சாரத்தில் ஓடுகிறது, அண்ணா. அதில் தீக்குச்சியைக்கூட எரிக்க முடியாது.

யாரும் என்னிடம் வரவில்லை. சில்வாஸ்தியை நான் பார்த்ததே இல்லை. ஸ்டென்பெர்க் அம்மையார் குட்டையா நெட்டையா என்றுகூடத் தெரியாது. என்னிடம் பேசியது நீதான். முதலில் திறக்காதே என்றாய். பிறகு பின்பக்கத்தைக் காட்டாதே என்றாய். நான் எழுதியதற்கு மதிப்பு இல்லை என்றாய். மதிப்பு இல்லாததை ஒருவன் இவ்வளவு பயந்து பூட்டுவானா என்று எனக்குத் தோன்றியது. அக்டோபரில் கீழே போய்ச் சரட்டை வெட்டினேன். ஆறு வாரம் நான் பதில் போடாததற்கு அதுதான் காரணம். வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் அட்டைகள். அந்தக் குளிர்காலத்தை நான் மறந்தே போயிருந்தேன். நான் வேலை பார்த்த பஞ்சாலை அரை நேரம்தான் ஓடியது. உனக்கு எட்டு மாதம் படுக்கை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஹெல்சிங்கி காப்பகத்துக்குப் போயி தொழிலாளர் சங்கத்து நடவடிக்கைக் குறிப்பையெல்லாம் அப்படியே எழுதிட்டு வா. யோசிக்காத, எழுது, அது போதும்" என்று நீ சொன்னாய். விரல் நுனி வெட்டின கையுறையோடு உட்கார்ந்து எழுதினேன். முன்பக்கம் உன் ஆராய்ச்சிக்கு. பின்பக்கம் உனக்கு. படுக்கையில் கிடக்கிற அண்ணன் ஒரு தடவையாவது சிரிக்கட்டும் என்று மனதில் பட்டதையெல்லாம் எழுதினேன். வாரா வாரம் தபாலில் போட்டேன். 'உன் பின்பக்கங்களை வாசித்துச் சிரித்து நர்ஸிடம் திட்டு வாங்கினேன்' என்று நீ ஒருமுறை பதில் எழுதினாய். எனக்கு அது போதுமாக இருந்தது.

611-ஆம் அட்டை. முன்பக்கத்தில் 1897-ஆம் வருடக் கூட்டம். தச்சர் ஒருவர் மில் முதலாளியின் ஆளை எழுந்து நிற்கவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்கிறார். பின்பக்கத்தில் என் பென்சில்:

'அண்ணா, இது நம்ம ஊரு கின்கெரி மாதிரியே இல்ல? வருஷத்துக்கு ஒருவாட்டி போதகர் பண்ணை வீட்டுக்கு வந்து நாற்காலியில உக்காந்து வேதபாடத்தப் படிடான்னுவாரு, ஊரே நடுங்கிட்டு நிக்கும். இங்க கேள்வி மாறல, நாற்காலிதான் மாறிடுச்சு. போதகர் நாற்காலியில தச்சன் உக்காந்திருக்கான். புரட்சிய புஸ்தகத்துல படிச்சி இல்ல, நடுங்கி நடுங்கிப் பதில் சொல்லித்தான் இவங்க கேள்வி கேக்கக் கத்துக்கிட்டாங்கபோல.'

பிறகு உன் நான்காம் அத்தியாயத்தை அகராதி வைத்துக்கொண்டு வாசித்தேன். முப்பத்தெட்டுப் பக்கம். 611, 640, 702, இப்படி இருபத்தாறு அட்டைகளின் பின்பக்கம் அங்கே கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நிற்கிறது. பென்த்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அடியே, இது நீ பேசற பேச்சுல்ல? மச்சான் உன் வாய வாடகைக்கு எடுத்திருக்காரா?" என்றார். நான் அன்று சாப்பிடவில்லை.

எனக்கு எதுவுமே தெரியாது, அண்ணா. நீ எழுதாமல் இருந்திருந்தால் அந்தப் பெட்டிகள் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு அடியிலேயே மக்கிப் போயிருக்கும்.

அன்று ஏன் எழுந்தேன் என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கடிதத்தில் சொல்ல மனம் வரவில்லை.

ஐலா


துர்க்கு
19 பிப்ரவரி 1979

அன்புள்ள ஐலா,

நீங்கள் இருவரும் நலமென நம்புகிறேன். இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. ரைலி வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறாள். கவலைப்பட ஒன்றுமில்லை.

நிபுணர்களின் அறிக்கைகள் வந்துவிட்டன. மூவரும் என்னையே முதலில் வைத்திருக்கிறார்கள். ஸ்டென்பெர்க் அம்மையார் நான்காம் அத்தியாயத்தை 'நமது துறையில் எழுதப்பட்ட மிக உயிருள்ள பக்கங்கள்' என்கிறார். அந்தக் குறிப்புகள் தொலைந்தது தனக்கு வருத்தம் தருவதாகவும், ஒரு நூலகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்க வேண்டியவை என்றும் எழுதியிருக்கிறார். அதற்காகத்தான் கேட்டாராம். சில்வாஸ்தியின் மகள் கோத்தன்பர்க்கில் ஆண் குழந்தை பெற்றிருக்கிறாள். என்னிடம் படம் காட்டினான். "மேல்முறையீடு எதுவும் பண்ண மாட்டேன் தௌனோ, உங்களுக்குத்தான் வரணும்" என்றான். ஏன் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறான் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

உன் கடிதத்துக்கு ஆறு வாரமாகப் பதில் தேடினேன். ஒரு துண்டுக் குறிப்பும் ஒரு கோட்பாடும் ஒன்றல்ல. நீ எழுதியது வேடிக்கைக்கு. அதை ஆதாரங்களோடு நிறுவியது நான். உடம்பில் பாதி நுரையீரலோடு மூன்று வருடம் உழைத்திருக்கிறேன். எந்த வரலாற்று ஆசிரியனும் தன் காதில் விழுந்ததை வைத்துத்தான் யோசிக்கிறான்.

நியமனம் கையெழுத்தாக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. உனக்கு என்ன வேண்டும் என்று சொல். இதைச் சொல்லச் சொன்னது யார் என்பதையும் சொல். பென்த்தியா?

உன் அண்ணன்
தௌனோ


பூரோஸ்
3 மார்ச் 1979

அண்ணா,

அண்ணியின் கை தேறட்டும். குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவ விடாதே.

எனக்குப் பின்னால் யாரும் இல்லை. பென்த்தி உன் கடிதத்தை வாசித்துவிட்டு எழுந்து போய்ப் பனியை அள்ளிக்கொட்டினார், அள்ள வேண்டிய பனியே இல்லாத இடத்தில். திரும்பி வந்து, "உங்க அண்ணனுக்கு மனுஷன்னாலே பின்னாடி இன்னொருத்தன் நிப்பான்னு நெனப்பு. பாவம், அந்தாளு எப்படித்தான் தூங்கறாரோ" என்றார்.

என்ன வேண்டும் என்று கேட்டாய். நெஞ்சில் குத்தியது. ஆனாலும் சொல்கிறேன்.

அந்த மார்ச் நாளின் விருந்து உனக்கு நினைவிருக்கும். காலையில் அண்ணி என் தலையைச் சீவிவிட்டுக்கொண்டே அந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார்: "புது டாக்டர் எழுந்து வரிசையா நன்றி சொல்வாரு. யாரு பேரச் சொல்றாரோ அவங்க மட்டும் அதே வரிசையில எழுந்து பதிலுக்குப் பேசணும். பேரு வராதவங்க வாயத் தொறக்கக் கூடாது, ஐலா, அது பெரிய அநாகரிகம்." நான் பயந்துபோய் மூன்று வரி எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எதிர்வாதிக்கு நன்றி சொன்னாய். தலைமை வகித்தவருக்குச் சொன்னாய். பேராசிரியர்கள், மருத்துவமனை டாக்டர், அண்ணி. காப்பகத்தில் கணப்புக்கு விறகு போட்ட கிழவருக்குக்கூட நன்றி சொன்னாய். பதினோரு பேர். கிழவர் எழுந்து அழகாகப் பேசினார். என்னுடைய மூன்று வரி கைப்பையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது. நான் எழுதிக்கொடுத்தவள்தானே, அதற்கெல்லாம் யார் நன்றி சொல்வார்கள் என்று பஸ்ஸில் நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறந்ததாக நினைத்தேன். நீ மறக்கவில்லை, பயந்திருக்கிறாய் என்று இப்போது தெரிகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது, ஏன் எழுந்தேன் என்பது. உனக்குப் பின்னால் இருந்த பெரிய ஜன்னல் திறந்திருந்தது. மார்ச் மாதக் காற்று நேராக உன் முதுகில் அடித்தது. நீ மருத்துவமனையிலிருந்து வந்து மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். நீ இருமினாய். போய்ச் சாத்திவிட்டு வரலாம் என்று எழுந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், வெட்கமாகிவிட்டது, உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான். அதற்காகத்தான் இருபத்தோரு வருடம் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாய்.

எனக்கு வேண்டியது ஒன்று. புதுப் பேராசிரியர் தன் முதல் உரையை ஊரறியத் திறந்த மண்டபத்தில் ஆற்றுவார் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். அந்த மேடையில், உன் வாயால், ஒரே ஒரு முறை என் பெயர். அட்டைகளின் பின்பக்கத்தை எழுதியது ஐலா என்று. பதவி உனக்கே இருக்கட்டும். ஆலைக்காரிக்கு அது எதற்கு?

அலுவலகத்துக்கும் ஸ்டென்பெர்க் அம்மையாருக்கும் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். உன்னிடம்தான் கேட்கிறேன்.

ஐலா


துர்க்கு
24 ஏப்ரல் 1979

அன்புள்ள ஐலா,

இங்கே ஆற்றில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. ரைலியின் கட்டு அவிழ்ந்தது. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளையின் முழங்கால்?

நியமனம் கையெழுத்தாகிவிட்டது. உரை மே 16, பிற்பகல் இரண்டு மணி.

ஜன்னல் விஷயம் எனக்குத் தெரியாது. அதை வாசித்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடினேன். ரைலி கேட்டாள், கண்ணில் தூசி என்றேன்.

நீ கேட்டதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். உரையை எழுதி முடித்துவிட்டேன் என்பதால் இனி நுழைப்பது கடினம். ஆனாலும் பார்க்கலாம். மண்டபம் கடைசி நேரத்தில் சிறியதாக மாற்றப்பட்டிருக்கிறது, இருக்கைகள் குறைவு. மே மாதக் கடல் உனக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு ரயில், ஒரு கப்பல், உன் இடுப்புக்கு ஆகிற காரியமா? ரைலி பத்திரிகைச் செய்தியைக் கத்தரித்து அனுப்புவாள். கோடையில் நாங்களே வருகிறோம், அப்போது சாவகாசமாகப் பேசிக்கொள்வோம். நீ வருவதாக வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா?

எல்லாருக்கும் அன்பு.

உன் அண்ணன்
தௌனோ


பூரோஸ்
2 மே 1979

அன்புள்ள அண்ணா,

உன் உடம்பும் அண்ணியின் கையும் நன்றாக இருக்கட்டும். என் இடுப்புக்கு ஒன்றுமில்லை. பென்த்தியின் முழங்கால் பதினாறாம் தேதி வெயில் என்கிறது.

நேற்று மே தினத்துக்குச் சர்க்கரை வடை சுட்டோம். இன்று கப்பல் டிக்கெட் வாங்கிவிட்டோம். பதினைந்தாம் தேதி மாலை ஸ்டாக்ஹோமில் ஏறுகிறோம். பென்த்தி தலைமுடி வெட்டிக்கொண்டார். நான் அந்தச் சாம்பல் நிறக் கோட்டை எடுத்து இடுப்பில் இரண்டு அங்குலம் பிரித்துவிட்டேன். ஏழு பெட்டிகளும் இங்கேயே, சறுக்குக் கட்டைகளுக்கு அடியில் இருக்கும். ஒரே ஒரு அட்டை மட்டும் என் கைப்பையில் வரும், பழைய மூன்று வரிக்குப் பக்கத்தில்.

மண்டபம் சின்னது என்றாய். அப்படியானால் எங்கே உட்கார்ந்தாலும் உன் முகம் தெரியும். இடம் கிடைத்தால் ஜன்னலோரமாகவே உட்காருகிறேன்.

ஒரு உதவி செய், அண்ணா. உரை தொடங்குவதற்கு முன்னாலேயே உனக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலை யாரையாவது சாத்தி வைக்கச் சொல். இந்தத் தடவை நான் அதற்காக எழுந்திருக்க மாட்டேன்.

உன் தங்கை
ஐலா